ஆபுத்திரனின் பசுவும் வடலூர் அடுப்பும்



நம்ம பினாங்கிலே ‘சைவம்’ என்ற சொல்லுக்கு விளக்கம் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. வெள்ளிக்கிழமை சைவம், புரட்டாசிச் சனிக்கிழமை சைவம், தண்ணீர்மலைக்குக் காவடி எடுக்கிறவர் வீட்டிலே விரதம் முடிகிற வரைக்கும் சைவம். மீன், இறைச்சி, முட்டை இல்லையென்றால் அது சைவச் சாப்பாடு. மோரும் நெய்யும் தாராளமாக உண்டு. அண்மை ஆண்டுகளில் மேற்படிப்புக்குப் போன பிள்ளைகள் இன்னொரு சொல்லை வீட்டுக்குக் கொண்டு வருகிறார்கள்: ‘வீகன்’. தமிழில் நனிசைவம் என்று எழுதுகிறார்கள். பால், தயிர், நெய், தேன், தோல் செருப்பு எதுவும் கூடாது என்பது அதன் கொள்கை. பெரியவர்களுக்குச் சிரிப்பு வருகிறது. “பசுவைக் கும்பிடுறோம், அது குடுக்கிற பாலைக் குடிச்சா பாவமா?” என்று கேட்கிறார்கள். இன்னும் சிலர், “வெள்ளைக்காரன் கொண்டாந்த புதுப் பழக்கம்” என்று ஒரே வார்த்தையில் ஒதுக்கிவிடுகிறார்கள்.

புதுப் பழக்கமா? நம் பழைய ஏடுகளைப் புரட்டிப் பார்த்தால் விடை அவ்வளவு எளிதாகக் கிடைக்கவில்லை. அதைத்தான் இந்த மலரில் உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

பேச்சுப் போட்டிகளில் மனுநீதிச் சோழனின் பசுவும் சிபியின் புறாவும் தவறாமல் வருவதுண்டு. அவை அரசர் கதைகள். எனக்கு அவற்றைவிடப் பெரிதாகப் படுவது ஓர் அநாதைப் பிள்ளையின் கதை. சீத்தலைச் சாத்தனார் பாடிய மணிமேகலையில் வருகிற ஆபுத்திரன் கதை. ‘ஆ’ என்றால் பசு. பெற்றவள் தோட்டத்திலே போட்டுவிட்டுப் போன குழந்தைக்கு ஒரு பசு ஏழு நாள் பால் கொடுத்துக் காப்பாற்றியது. வழியிலே வந்த அந்தணர் ஒருவர் எடுத்து வளர்த்தார், வேதமும் கற்பித்தார். வளர்ந்த பிள்ளை ஒருநாள் ஒரு வீட்டிலே வேள்விக்கென்று கட்டி வைத்திருந்த பசுவைப் பார்த்தான். கொம்பிலே மாலை சுற்றியிருக்கிறது. பசு நடுங்குகிறது. நள்ளிரவில் அதை அவிழ்த்துக்கொண்டு நடந்துவிட்டான்.

பிடித்துவிட்டார்கள், அடித்தார்கள். “புல்லைத் தின்று பாலைக் கொடுக்கிற இந்தப் பசு உங்களுக்கு என்ன கெடுதல் செய்தது?” என்பது அவன் கேள்வி. பதிலுக்கு அவன் பிறப்பைச் சொல்லி இழித்தார்கள். ஊரை விட்டே விரட்டினார்கள். பிச்சைப் பாத்திரத்திலே கல்லைப் போட்டார்கள் என்று சாத்தனார் எழுதுகிறார்.

மாணவர்களே, கதையின் அடுத்த பாதியைக் கவனியுங்கள். விரட்டப்பட்டவன் மதுரைக்குப் போனான். வீடு வீடாகப் பிச்சை எடுத்து, கண் தெரியாதவர், காது கேளாதவர், கால் முடமானவர், ஆதரவற்றவர், நோயாளிகள் எல்லாரையும் அழைத்துச் சோறு போட்டான். மிச்சம் இருந்ததைத் தான் உண்டு, பாத்திரத்தையே தலைக்கு வைத்துத் தூங்கினான். பிற்பாடு சிந்தாதேவி தந்த அமுதசுரபி அவன் கைக்கு வந்தது. பாண்டிய நாடு செழித்துப் பசித்தவரே இல்லை என்றானபோது, “சாவக நாட்டிலே பஞ்சம்” என்று கேள்விப்பட்டுக் கப்பலேறினான். இடையிலே மணிபல்லவத் தீவில் கப்பல் அவனை விட்டுவிட்டுப் போய்விட்டது. தனக்கு மட்டும் சோறு போடுகிற பாத்திரம் எதற்கு என்று அதைக் கோமுகிப் பொய்கையிலே விட்டுவிட்டு, உண்ணாமல் உயிர் நீத்தான். மறுபிறவியில் சாவகத்திலேயே அரசனாகப் பிறந்தான் என்று காப்பியம் சொல்லுகிறது. சாவகம் என்பது ஜாவாவையும் அதைச் சுற்றிய தீவுகளையும் குறிக்கும் என்பர். நாம் வாழ்கிற இந்தக் கடல்தான். நம் பாட்டன் பூட்டன் பால்மரம் சீவக் கப்பலேறி வருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே, பசிக்குச் சோறு போட இந்தப் பக்கம் வரக் கப்பலேறிய ஒரு தமிழ்ப் பிள்ளையைச் சாத்தனார் கற்பனை செய்து வைத்திருக்கிறார்!

ஒரே மனிதன், ஒரு கையிலே அவிழ்த்த பசுவின் கயிறு, மறு கையிலே சோற்றுப் பாத்திரம். இந்த இரண்டையும் தமிழ் மரபு பிரித்துப் பார்க்கவே இல்லை என்பதே நான் சொல்ல வந்தது.

திருக்குறளில் 26ஆவது அதிகாரம் புலால் மறுத்தல், 33ஆவது அதிகாரம் கொல்லாமை. இரண்டும் மனப்பாடப் போட்டிக்கு அடிக்கடி வருபவை. தின்பதற்காக வாங்குகிறவன் இல்லையென்றால் விற்பதற்காகக் கொல்லுகிறவனும் இருக்க மாட்டான் என்று வள்ளுவர் கடைக்காரக் கணக்காகவே பேசுகிறார். இன்றைக்கு நனிசைவக்காரர்கள் பாலையும் முட்டையையும் பற்றிச் சொல்லும் வாதமும் இதேதான். ஆனால் கொல்லாமை அதிகாரத்தின் இரண்டாவது குறளைப் படித்துப் பாருங்கள். இருப்பதைப் பங்கிட்டு உண்பதையும் பல உயிர்களைக் காப்பதையும் ஒரே மூச்சில் வைத்து, நூலோர் தொகுத்த அறங்களுக்கெல்லாம் தலையானது என்கிறார். பங்கிட்டு உண்பதற்குக் கொல்லாமை அதிகாரத்திலே என்ன வேலை என்று எந்த மாணவனாவது ஆசிரியரைக் கேட்டதுண்டா?

அசோகரின் கல்வெட்டையும் சொல்லிவிட வேண்டும். கி.மு. 3ஆம் நூற்றாண்டு. அரண்மனை மடைப்பள்ளிக்கு முன்பு நாள்தோறும் லட்சக்கணக்கில் உயிர்கள் கொல்லப்பட்டன, இப்போது இரண்டு மயிலும் ஒரு மானும்தான், இனி அவையும் இல்லை என்று பாறையிலே வெட்டி வைத்தார். மன்னர் இன்னும் மயிற்கறியை விடவில்லை என்பதையும் மறைக்காமல் எழுதிய அந்த நேர்மை எனக்குப் பிடித்திருக்கிறது. அடுத்த கல்வெட்டிலே மனிதருக்கும் விலங்குக்கும் மருத்துவம் செய்வதைச் சொல்லும்போது சோழர், பாண்டியர் நாடுகளையும் பெயர் சொல்லிக் குறிக்கிறார்.

இனி, நம்மிடையே பலருக்கும் சங்கடமான இடத்துக்கு வருவோம்.

தோட்டத்திலே வளர்ந்தவர்களுக்கு முனியாண்டி சாமியையும் மதுரை வீரனையும் தெரியும். ஆண்டுத் திருவிழாவிலே கிடா வெட்டியதும் தெரியும். பட்டணத்திலிருந்து வந்த படித்தவர்கள் அதைப் பார்த்து முகம் சுளித்ததும் தெரியும். “காட்டுமிராண்டிப் பழக்கம்” என்று சொன்னவர்களும் உண்டு. அவர்கள் பெரியபுராணத்தைச் சரியாகப் படிக்கவில்லை என்பேன். காளத்தி நாதருக்குப் பன்றி இறைச்சியைச் சுட்டு, சுவை பார்த்துப் படைத்த வேடர் கண்ணப்பர். அருவருத்துத் துடைத்துச் சுத்தம் செய்தவர் சிவகோசரியார். அறுபத்து மூவரில் ஒருவராகச் சேக்கிழார் பாடியது வேடரைத்தான். இறைச்சி படைப்பது சரி என்று அதற்குப் பொருளல்ல. படைத்தவனின் அன்பை அளக்க நமக்குத் தகுதி இல்லை என்று பொருள்.

சென்னை மாநிலத்தில் 1950லேயே கோயில்களில் ஆடு கோழி பலியிடுவதைத் தடுக்கும் சட்டம் வந்தது. பல ஆண்டுகள் அது ஏட்டிலே தூங்கியது. 2003இல் தமிழக அரசு அதைக் கடுமையாக அமல்படுத்தப் போனபோது கிராமங்களில் பெரிய எதிர்ப்பு எழுந்தது. “பட்டணத்து ஓட்டல்களிலே தினமும் வெட்டுறான், அங்கே சட்டம் இல்லை. வருஷத்துக்கு ஒருநாள் எங்க அய்யனாருக்கு வெட்டினா மட்டும் குத்தமா?” என்ற கேள்விக்கு எவராலும் சரியான பதில் சொல்ல முடியவில்லை. 2004லேயே சட்டம் விலக்கிக்கொள்ளப்பட்டது. நம் நாட்டில் 1965இல் அமைந்த மலேசிய இந்து சங்கம் பலியைக் கைவிடும்படி வற்புறுத்தி வந்திருக்கிறது. பல தோட்டக் கோயில்களில் கிடாவுக்குப் பதில் பூசணிக்காயும் எலுமிச்சம்பழமும் வெட்டும் வழக்கம் வந்துவிட்டது. நல்லதுதான்.

ஆனாலும் ஒரு விஷயத்தை யாரும் எழுதுவதில்லை. சாமிக்கு வெட்டின கிடா கடைசியில் எங்கே போச்சு? லயத்துப் பிள்ளைங்க வயித்துக்குத்தான். ரேஷன் அரிசியும் கருவாடும் கீரையுமாகக் காலம் தள்ளிய வீடுகளில் ஆட்டுக்கறி மணந்தது தீபாவளிக்கும் திருவிழாவுக்கும்தான். பங்கு போட்டுக் கொடுக்கும்போது விதவை வீட்டுக்கும் ஒரு பங்கு போகும். கத்தியை மட்டும் கண்டித்துவிட்டு அந்தப் பங்கைப் பற்றிப் பேசாமல் போனால் அது அரைக் கருணை. இதைப் புரிந்துகொண்டு முழுதாகப் பேசிய மகான் ஒருவர் இருந்தார்.

அவர்தான் வள்ளலார் என்று போற்றப்படும் இராமலிங்க அடிகள். 1823ஆம் ஆண்டு அக்டோபர் 5ஆம் நாள் சிதம்பரத்துக்கு அருகே மருதூரில் பிறந்தவர். 1874 ஜனவரியில் மேட்டுக்குப்பத்திலே ஓர் அறைக்குள் சென்று மறைந்தார். உயிர்க்கொலையும் புலால் உணவும் கூடவே கூடாது என்பதில் அவரைப் போலக் கண்டிப்பானவர் கிடைப்பது அரிது. சீவகாருண்யத்தையே வழிபாடாக வைத்தார். வடலூரில் 1872இல் தைப்பூசத்தன்று முதல் சோதி தரிசனம் நடந்த சத்திய ஞானசபையில், கொலையும் புலாலும் விட்டவர்கள்தாம் உள்ளே நுழையலாம் என்று வாசலிலேயே எழுதி வைத்திருக்கிறது. நாம் தண்ணீர்மலை ஏறுகிற அதே தைப்பூச நாளில் அங்கே ஏழு திரைகள் நீங்கிச் சோதி தெரிகிறது.

சபை வருவதற்கு ஐந்தாண்டு முன்பே அவர் கட்டியது வேறொன்று. 1867ஆம் ஆண்டு மே 23ஆம் நாள் தொடங்கிய சத்திய தருமச்சாலை. பார்வதிபுரத்து மக்கள் எண்பது காணி நிலம் கொடுத்தார்கள். அன்று மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையவில்லை. வருகிறவன் என்ன சாதி, என்ன மதம் என்று யாரும் கேட்பதில்லை. புலால் உண்கிறவனா என்றுகூடக் கேட்பதில்லை! சபைக்கு நிபந்தனை உண்டு; சோற்றுக்கு நிபந்தனை கிடையாது. புலால் உண்பவனைத் தம் கூட்டத்துக்குப் புறம்பானவனாகவே அவர் கருதினார். இருந்தும் அவனுக்குப் பசித்தால் முதலில் சோறு போடு என்றுதான் எழுதினார். நம் சைவப் பிரசங்கிகள் பலர் சபையின் வாசல் பலகையைப் படித்துவிட்டு, சாலையின் அடுப்பை மறந்துவிடுகிறார்கள்.

பசி என்பது அக்காலத்தில் ஏட்டுச் சொல்லாக இருக்கவில்லை. சாலை தொடங்கி ஒன்பது ஆண்டுகளில், 1876 முதல் 1878 வரை தாது வருடப் பஞ்சம் சென்னை மாகாணத்தைச் சூறையாடியது. லட்சக்கணக்கானோர் மாண்டார்கள். இலங்கைக்கும் மலாயாவுக்கும் கப்பலேறியவர்களில் எத்தனையோ பேரைத் துரத்தியது இத்தகைய பசிதான். வெல்லெஸ்லி மாநிலத்துக் கரும்புத் தோட்டங்களுக்கு 19ஆம் நூற்றாண்டிலே வந்து இறங்கிய நம்மவர்களுக்கு அந்த அடுப்பின் அருமை சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

பினாங்கிலே பிறந்தவர்களுக்கு இன்னொரு பாக்கியம். உயிரிரக்கத்தை எத்தனை மதங்கள் எத்தனை விதமாகச் சொல்லுகின்றன என்பதை ஒரே தீவிலே பார்த்துவிடலாம். சீனர்களின் ஒன்பதாம் மாதத்து முதல் ஒன்பது நாட்களில், ஒன்பது பேரரசர் விழாவின்போது ஜார்ஜ் டவுன் தெருக்களில் மஞ்சள் கொடி கட்டிய மரக்கறிக் கடைகளைப் பார்த்திருப்பீர்கள். வெங்காயமும் பூண்டும்கூடச் சேர்ப்பதில்லை. (மாவிலே செய்த ‘வாத்து’ம் ‘மீனு’ம் மட்டும் தட்டிலே அச்சு அசலாக உட்கார்ந்திருக்கும்; நாக்கை ஏமாற்றுவது எல்லா இனத்துக்கும் பொது போலும்.) 1890இல் கட்டத் தொடங்கிய ஆயர் ஈத்தாம் கெக் லோக் சி ஆலயத்து ஆமைக்குளமும் நமக்குத் தெரிந்ததே. உயிரை விடுதலை செய்வது புண்ணியம் என்று பக்தர்கள் ஆமைகளை வாங்கி வந்து அங்கே விட்டார்கள். விட்ட ஆமைகள் நெருக்கியடித்துக் கிடந்ததைப் பார்த்தவர்களுக்கு, விடுதலை என்ற சொல் கொஞ்சம் உறுத்தியும் இருக்கும்.

இஸ்லாமிய நண்பர்கள் அறுத்து உண்பவர்கள்தாம். ஆனாலும் தாகத்தால் நாக்குத் தள்ளிய நாய்க்குக் கிணற்றிலிறங்கிக் காலணியிலே நீர் மொண்டு கொடுத்தவனின் பாவம் மன்னிக்கப்பட்டதும், பூனையைக் கட்டிப்போட்டுப் பட்டினியால் சாகவிட்ட பெண் தண்டனை பெற்றதும் நபிமொழியிலே வருகின்றன. கத்தியைக் கூராக்கு, விலங்கைத் துன்புறுத்தாதே என்ற கட்டளையும் உண்டு. வெட்டுகிற இடத்திலும் இரக்கத்துக்கு விதி வைத்திருக்கிறார்கள்.

நமக்கும் ஒரு கேள்வி இருக்கிறது. செட்டியார்களின் வெள்ளி இரதம் 1894இல் இந்தியாவிலிருந்து கப்பலில் வந்தது. தைப்பூசத்துக்கு முந்தின நாள் அது பினாங்குத் தெருவிலிருந்து புறப்பட்டு வரும் அழகைக் காணக் கண் கோடி வேண்டும். தலைமுறை தலைமுறையாக அதைக் காளைகள் இழுத்து வந்தன. கறியைத் தொடாமல் விரதம் இருந்து தேங்காய் உடைக்கிற நாம், வெயிலிலும் கூட்டத்திலும் மூச்சு வாங்குகிற காளையை ஒரு நிமிஷம் திரும்பிப் பார்த்திருக்கிறோமா? சைவம் நாக்கோடு நின்றுவிடுகிறதா என்பதே என் ஐயம்.

காளை என்றதும் பால் விஷயம் வந்துவிடுகிறது. இரண்டும் ஒரே கயிற்றின் இரண்டு முனை. பசு கன்று ஈன்றால்தான் பால் சுரக்கும். கன்று வயிற்றிலே இருப்பது ஏறத்தாழ 280 நாட்கள். பால் வற்றாமல் கிடைக்க வேண்டுமானால் மறுபடி மறுபடி ஈன வேண்டும். ஈனுவதில் பாதி காளைக்கன்று. அந்தக் காலத்தில் காளைக்கன்றுக்கு வேலை இருந்தது. ஏர் உழுதது, மாட்டுவண்டி இழுத்தது. ஜார்ஜ் டவுனின் சரக்குகளைத் துறைமுகத்துக்கும் கடைத்தெருவுக்கும் சுமந்தவை மாட்டுவண்டிகளே. ஓட்டியவர்களில் தமிழர் பலர். லாரி வந்தது, காளைக்கு வேலை போயிற்று. பாலுக்கு மட்டும் கிராக்கி குறையவில்லை. அப்படியானால் காளைக்கன்று எங்கே போகும்? நனிசைவக்காரர்கள் கேட்பது இந்த ஒரு கேள்வியைத்தான். விடை எல்லாருக்கும் தெரியும். சொல்லத்தான் மனம் வருவதில்லை.

‘வீகன்’ என்ற ஆங்கிலச் சொல் பிறந்தது 1944இல். டொனால்ட் வாட்சன் என்ற மரவேலை ஆசிரியரும் அவர் நண்பர்களும் இங்கிலாந்திலே தொடங்கிய சங்கத்தின் பெயர் அது. ஆனால் அதற்கு 32 ஆண்டுகளுக்கு முன்பே, 1912இல், தென்னாப்பிரிக்காவின் டால்ஸ்டாய் பண்ணையில் காந்தியடிகள் பாலை விட்டுவிட்டார். தமிழ்க் குடும்பங்கள் பல தங்கியிருந்த பண்ணை அது. கல்கத்தாவில் பசுவின் கடைசிச் சொட்டையும் கறந்தெடுக்கச் செய்துவந்த ‘பூக்கா’ என்ற கொடுமையைப் பற்றிப் படித்ததும் ஒரு காரணம். (பிள்ளைகள் படிக்கும் மலர் என்பதால் அதை விவரிக்கவில்லை.) 1918இல் கடும் நோயிலே படுத்தபோது மருத்துவர் பால் குடித்தே ஆக வேண்டும் என்றார். சபதம் தடுத்தது. கஸ்தூரிபா அம்மையார், “பசும்பாலும் எருமைப்பாலும்தானே வேண்டாம்னீங்க, ஆட்டுப்பால் குடிக்கலாமே” என்ற பொருள்படச் சொன்னார். குடித்தார், பிழைத்தார். சபதத்தின் எழுத்தைக் காப்பாற்றி உயிரை விட்டுவிட்டேன் என்று சத்திய சோதனையில் அவரே வருந்தி எழுதியிருக்கிறார். காந்தியடிகளுக்கே இவ்வளவு கஷ்டமாக இருந்த விஷயம் நமக்கு ஒரே நாளில் கைவரும் என்று எவரும் எதிர்பார்க்க வேண்டாம்.

தோட்டத்து மாடுகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. லயத்துக்குப் பின்னால் கொட்டகை போட்டு இரண்டு மாடு வளர்த்த குடும்பங்களுக்கு, பால் மரத்துச் சம்பளத்தோடு மாட்டுப் பாலும் சேர்ந்துதான் பிள்ளைகளின் பள்ளிச் செலவைத் தாங்கியது. தாய்மார் மாட்டுக்குப் பெயர் வைத்துக் கூப்பிட்டார்கள். பொங்கலன்று குளிப்பாட்டிப் பொட்டு வைத்தார்கள். தோட்டங்கள் விற்கப்பட்டு, மேம்பாடு வந்து, குடும்பங்கள் அடுக்குமாடி வீட்டுக்குப் போனபோது மாட்டுக்கு அங்கே இடமில்லை. கண்ணீரோடு விற்றவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களிடம் போய்ப் பால் குடிப்பது பாவம் என்று உபதேசம் செய்வதற்கு முன், மாடு வளர்ப்பதைப் பற்றி அவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், இளைஞர்களே. பெரியவர்களும், பெட்டியிலும் டின்னிலும் வருகிற பாலைத் தந்த மாட்டுக்கு யாராவது பொட்டு வைத்திருப்பார்களா என்று யோசித்துப் பாருங்கள்.

வீட்டிலே யாராவது பாலையும் விட்டுவிட விரும்பினால் அம்மாக்கள் கலங்க வேண்டாம். நம் நாட்டுச் சந்தையிலே தவ்பு, தெம்பே, சோயாப் பால், தேங்காய்ப்பால், பருப்பு, கடலை, கங்கோங் கீரை எதற்கும் குறைவில்லை. இறைச்சியைவிட இவற்றில் பலவும் விலை மலிவு. தெம்பேயை மஞ்சள் தடவிப் பொரித்தால் கறி கேட்கிற பிள்ளையும் இரண்டாம் முறை சோறு போடச் சொல்லும். ஒன்றே ஒன்றிலே கவனம் வேண்டும். வைட்டமின் பி12 என்னும் சத்து செடிகொடிகளில் கிடைப்பதில்லை. வளரும் பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் அது குறைந்தால் இரத்தமும் நரம்பும் கெடும். மாத்திரையாகவோ, அந்தச் சத்துச் சேர்த்த உணவாகவோ கொடுத்தே ஆக வேண்டும். எவ்வளவு என்பதை அரசாங்கக் கிளினிக்கிலே கேட்டால் சொல்லுவார்கள்.